கரி பிடித்த வில்லை

அப்பா, ஷ்லீரன் ஊரில் நீங்கள் வேலை செய்த ஆய்வுகூடத்தில் எனக்கு மூன்று நாள் தொழில் பார்க்கும் பயிற்சி. இன்று கடைசி நாள். காலையில் உங்கள் ஷெஃப், அந்த ஆய்வுகூடத் தலைவர், மேசை லாச்சியைத் திறந்து, ஒரு கறுத்த சிறு வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார்.

"உன் அப்பா செய்த ஒரே பிழை," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் சாப்பிடாமல், முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அது மீத்தேனை எரிக்காமலே மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலம். வோல்ட் ஏறுதில்லை என்று நீங்கள் வீட்டில் வந்து புலம்பிய நாட்களில், குசினி மேசையில் நான் நூலகப் புத்தகத்தோடு இருப்பேன்.

"புரொஃபெசர் அம்மா என்ன சொல்லுறா?" என்று ஒரு நாள் என்னைச் சீண்டினீர்கள்.

"மீத்தேனோட விடுற நீராவியைக் குறைச்சுப் பாருங்கோ அப்பா. அதுதான் வாயுவோட கலந்து அதை ஐதாக்குது. குறைச்சா வோல்ட் ஏறும்."

"கரி பிடிக்காதோ பிள்ளை?"

"புத்தகத்தில வரைபடமே கிடக்கு!"

"அப்ப சரி. நாளைக்குச் செய்து பாக்கிறன்."

வோல்ட் ஏறியதுதான். பிறகு கலத்தின் நிக்கல் பக்கம் முழுவதும் கரி படிந்து, கலம் செத்துப்போனது. அதுவும் புத்தகத்தில் இருந்தது, அடுத்த பக்கத்தில். நான் புரட்டவில்லை.

"ஷெஃப் ஏசினவரோ?" என்று கேட்டேன்.

"அவர் என்னத்தை ஏசுறது? நீ சாப்பிடு."

யாருடைய யோசனை என்று அங்கே சொன்னீர்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு கேட்போம் என்றிருந்தேன். மாரிக் குளிரில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

இன்று பின்னேரம், வெளிக்கிடும் நேரத்தில், ஷெஃப்பின் கதவைத் தட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து விரித்தார். அந்த நாளுக்கு நேரே, உங்கள் சரிந்த ஜெர்மன் எழுத்தில்: "நீராவி குறைக்கப்பட்டது. என் சொந்த யோசனை."

அங்கே எதையும் அழிக்கக் கூடாதாம். பிழையைத் திருத்துவதென்றால், கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"என் சொந்த யோசனை" என்பதன்மேல் கோடு போட்டேன். "மகளின் யோசனை" என்று எழுதி, என் பெயரை வைத்தேன்.

வில்லையை அவர் எனக்கே தந்துவிட்டார். இப்போது ரயிலில் அதைப் பொத்திப் பிடித்திருக்கிறேன், விரலெல்லாம் கரி. அந்தக் கோட்டுக்குக் கீழே நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை இன்னும் வாசிக்கலாம், அப்பா.