எங்க தோட்டத்து ஆளு

லூபோக் சீனா ரப்பர் தோட்டம்
12.6.1994

அன்புள்ள உங்களுக்கு,

சட்ட மாணவர் சங்கத்தில் சேர்ந்த பிறகு உங்கள் விடுமுறையெல்லாம் அதற்கே போகிறது. அதனால்தான் நேற்று அலோர் காஜாவில் சங்கம் நடத்திய இலவசச் சட்ட ஆலோசனைக்கு நானும் வந்து வரிசையில் நின்றேன்.

உங்கள் பக்கத்து நாற்காலியில் சங்கச் செயலாளர் பமேலா. உங்களுக்கு நான் வாங்கித் தந்த பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சவங்களா?” என்று உங்களைக் கேட்டாள்.

“எங்க தோட்டத்து ஆளு” என்றீர்கள்.

நமக்கு நிச்சயமாகி மூன்று மாதம்தான் ஆகிறது.

“என்னா பிரச்சினை, அக்கா?” என்றாள்.

“நிச்சயம் பண்ணிட்டு மாப்பிள்ளை பின்வாங்கினா கேஸ் போடலாமா?”

“தாராளமா போடலாம் லா! ஆளு பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

நீங்கள் தலை நிமிரவேயில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்துவிட்டேன்.

அடுத்த மாதமும் வருகிறீர்களாமே. அந்தப் பெயரை அவளிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

இப்படிக்கு,
உங்களுக்கு நிச்சயிக்கப்பட்டவள்