அப்பாவின் திருத்தாத படம்

அண்ணா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. நான் மறுபடி தோல் டாக்டரிடம் போகிறேன்.

நேற்று உன் மூக்கோரம் இருப்பது பரு இல்லை என்று அவர் சொன்னதும் நீ எழுந்து வந்துவிட்டாய். மீதியை நான் கேட்டேன். அதே சிறு கட்டிகள் அப்பா முகத்திலும் இருந்திருந்தால், அவரைக் கொண்டுபோன கணையக் கட்டியும் இவையும் ஒரே பரம்பரை நோயாக இருக்கலாமாம். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் அப்பா படத்தை போனில் காட்டினேன். ஸ்டுடியோவில் நீ ஆசையாகத் திருத்தியதில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. டாக்டரிடம் காட்ட, திருத்தாததைப் பத்து மணிக்குள் என் போனுக்கு அனுப்பு.

"தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறே?" என்று கேட்டாய். அப்பாவுக்குத் தெரிந்தபோது நாள் மிஞ்சவில்லை. நமக்கு இருக்கிறது.

அதற்கு நான் உன்னைக் கோழை என்றது தப்பு.

பி.கு: என் கன்னத்திலும் இரண்டு இருக்கின்றன. பரு என்று உன் க்ரீமைத் திருடிப் பூசிக்கொண்டிருந்தேன். இன்று எனக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது, வந்துவிடு.