புகை நின்ற வீட்டுக்குள் நீ போனது

அன்பு வசந்தா,

நீ இருக்கிற இடத்தில் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். போன முதல் நாளே ஜன்னலைத் திறக்கச் சொல்லி அங்கே இருக்கிறவர்களை விரட்டியிருப்பாய்.

இத்தனை வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது நான்தான். நினைவு நாளில் உன் படத்துக்குப் பூ போடுவேன், வடை பாயசம் வைப்பேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம். செத்துப்போனவளிடம் என்னய்யா கோபம் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும், ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் உன் தங்கை மல்லிகா வந்திருந்தாள். நீ போன பிறகு அவள் நம் வேங்கிக்கால் வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை. மிதிக்க விடாமல் வைத்திருந்தவன் நான். அவள் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன்னை நினைத்தாலே கை தானாகக் கும்பிடப் போகிறது. அது ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

அப்போது நான் கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். உனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். கொரோனா வந்து, ஊரடங்கு தளர்ந்து, பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் நம் வீட்டில் இருந்தது ஒரே கேள்விதான். நாளெல்லாம் ஊரோடு உரசிவிட்டு வருகிற நான், அதை உனக்குக் கொண்டுவந்து கொடுக்காமல் இருப்பது எப்படி? இந்த நுரையீரலுக்கு அது வந்தால் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். காக்கிச் சட்டையை வாசலிலேயே கழற்றி வாளியில் ஊறப்போட்டேன். கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினேன். என் பாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற விரலை மட்டும் அடக்க முடியவில்லை. நீ ஒரு பவுடர் டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சை வெட்டி வைத்துக் கொடுத்தாய். அப்படியும் விரல் பழக்கதோஷத்தில் வாய்க்குத்தான் போகும். மாஸ்க் மேல் தேய்த்துவிட்டு அசடு வழிவேன், பின் சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

நீ வேறு மாதிரி யோசித்தாய். ஒரு நாள் மல்லிகாவைப் பார்க்கப் போகிறேன் என்று என் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாய். இறங்கிப் போ என்று கெஞ்சினேன். நீயோ கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாய். டிரைவர் முதல் டிரிப்பில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திச் செருகுவார் இல்லையா, அந்த வாசனை பின்னால் வருகிறதா என்று பார்த்தாயாம். வரவே இல்லையாம். வழியில் தூறல் போட்டது. எல்லாரும் ஷட்டரை இறக்கினார்கள். அடுத்த ஸ்டாப்புக்குள் கடைசி சீட் வரைக்கும் மணந்துவிட்டது என்றாய்.

மறுநாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நம் கூடத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினாய்.

"என்னாங்க, இங்க பாருங்க. கொசு வருதுன்னு எப்பவும் சாத்தியே வெச்சிருக்கோம். புகை எங்கயாச்சும் போவுதா?"

போகவில்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே அப்படியே நின்றது.

"மூச்சும் இப்டித்தாங்க நிக்கும். ஷட்டரைத் தூக்கிவிட்டா உங்க பஸ்ஸை விட நம்ம கூடத்துலதான் பயம் ஜாஸ்தி."

"பைத்தியமா உனக்கு? அங்க எவ்ளோ ஜனம் ஏறுது. இங்க நாம ரெண்டே பேரு."

"ஜனம் ஜாஸ்திதான், நா இல்லன்னு சொல்லல. ஆனா ஏறுறாங்க, எறங்குறாங்க, காத்து அடிக்குது, மாஸ்க் போட்டிருக்காங்க. நீங்க மாஸ்க்கை எங்க கழட்டுறீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

திருட்டு முழி முழித்தேன். பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து பேர் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் ஊறுகாயை இன்னொருவர் தொட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அதைச் சொன்னேன். நம்ம ஆளுங்கதானே என்றும் சொன்னேன்.

"அதான் சொல்றேன். ஊரானைப் பாத்தா மூடிக்கறீங்க, நம்ம ஆளுன்னா தொறந்துடறீங்க. அந்தக் கிருமிக்கு நம்ம ஆளு, ஊரு ஆளுன்னு தெரியுமா?"

அன்றிலிருந்து நான் புங்கமரத்தடியில் தனியாகச் சாப்பிட்டேன். என்னைக் கிண்டல் செய்த நாலு பேரும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். நல்லவேளை, எழுந்தும் வந்துவிட்டார்கள். எட்டாவது வரைக்கும் படித்த என் பெண்டாட்டி ஓர் ஊதுபத்தியை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துவிட்டாளே என்று நான் வாயைப் பிளந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பிடிக்க முடியாது.

பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை போட்டிருந்த காலம் அது. ஒரு சாதாரண நாளில் விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தாய். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுகிற அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. நீ மாஸ்க்கைக் கழற்றி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாய். "எவ்ளோ காத்துங்க! இதுல ஒருத்தர் விட்ட மூச்சை எங்க போய்த் தேடறது?" என்றாய்.

பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்க்கிறவன் நான். மலையைச் சுற்றி இவ்வளவு காற்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக பஸ்ஸில் எத்தனை பேர் விட்ட மூச்சை நான் வாங்கியிருப்பேன்? பேர் தெரியாத எத்தனை பேருக்குள் என் மூச்சு போய்வந்திருக்கும்? யாரும் யாருக்கும் ஊரான் இல்லை என்று அப்போது தோன்றியது. உடம்பு சிலிர்த்துவிட்டது வசந்தா.

அப்புறம் இரண்டாவது அலை. மல்லிகாவின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் தகவல் வந்தது. உடலை வீட்டுக்கே கொண்டுவரவில்லை, அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு.

நீயும் நானும் பைக்கில் போனோம். அவர்கள் தெருவில் சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். அங்கிருந்தே மூடிய ஜன்னலைப் பார்த்து, "மல்லிகா, மனசை விட்டுடாத" என்று குரல் கொடுத்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உலகத்துக்கே தெரியும். சாவு வீட்டுக்குப் போகிற பெண், பறிகொடுத்தவளைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஒருத்தியாவது அப்படி அழுதால்தான் துக்கம் கொஞ்சம் இறங்கும். மல்லிகாவை அன்றைக்கு யாரும் தொடவில்லை. மகள் திவ்யாவை மட்டும் முதல் நாளே அவள் சித்தப்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

"நீங்க இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஆனது. தெருவில் இருந்தே இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ வெளியே வந்தபோது மாஸ்க் சரியாக இருந்தது. வேங்கிக்கால் வரும் வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பியே வைத்திருந்தாய். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நா மாடில படுத்துக்கறேன். நீங்க கீழ படுங்க. ஜன்னலைத் தொறந்து வைங்க" என்றாய்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். பதினாறாம் நாள் நீ இல்லை. எனக்குத் தும்மல்கூட வரவில்லை.

இதுதான் என் கோபம். புகையைப் பார்த்துக் காற்றைப் படித்தவள், எனக்குப் பாடம் எடுத்தவள், தங்கை வீடு என்றதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாளே என்ற கோபம். 'நம்ம ஆளு' என்றதும் நீயும் திறந்துவிட்டாய் என்று நினைத்தேன். காய்ச்சலோடு இருந்தவள் உன்னை உள்ளே விட்டாளே என்று மல்லிகா மேல் அதைவிடக் கோபம். அவள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். பிள்ளையில்லாத நம் வீட்டில் நீ தலைவாரி வளர்த்த திவ்யாவைக்கூடப் பார்க்கப் போகவில்லை.

போன வாரம் மல்லிகா தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றாள். "திவ்யாவுக்குக் கல்யாணம் மாமா. பத்திரிகை வைக்க வந்தேன்."

திவ்யா என்றதும் என்னால் விரட்ட முடியவில்லை. உட்காரச் சொன்னேன். தட்டை வைத்தவள், உன் படத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி அக்கா உள்ள வந்ததும் ஜன்னலைத் தொறந்துச்சு, பின்கதவைத் தொறந்துச்சு. தோட்டத்துல வந்து உக்காரு மல்லின்னுச்சு. என்னால எழுந்திருக்க முடியல மாமா. கத்திரி வெயிலு, ஒரு பொட்டு காத்து இல்ல. அவரு படத்துக்கு முன்னாடி ஊதுபத்தி எரிஞ்சிக்கினு இருந்துச்சு. அக்கா அதையே பாத்துக்கினு நின்னுச்சு. 'புகை நிக்குது மல்லி'ன்னுச்சு. எனக்கு இன்னா புரியும்?"

"அப்புறம்?"

"வந்து கட்டிக்கிச்சு. 'ஒடம்பு கொதிக்குதேடி'ன்னுச்சு. அப்பவும் விடல. நான்தான் மாமா பாவி... ரெண்டு மாஸ்க்குல கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. உன் மொகத்தைக் காட்டுக்கான்னு கேட்டேன். மறுபடியும் ஒருதரம் அந்தப் புகையைப் பாத்துச்சு. கழட்டிடுச்சு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான்தான் கேட்டேன் மாமா. நான்தான் எங்கக்காவைக் கொன்னுட்டேன்."

நீ மறந்து போகவில்லை. மூச்சு எங்கே நிற்கும், எங்கே போகும் என்று அந்தத் தெருவிலேயே தெரிந்த ஒரே ஆள் நீதான். நாங்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாமல் பயந்து வெளியே நின்றோம். நீ இரண்டு தடவை பார்த்து, எவ்வளவு ஆபத்து என்று சரியாக எடை போட்டுவிட்டு, அப்புறம் கழற்றியிருக்கிறாய்.

நீ செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நீ வேண்டும். எடை போட்ட அந்த நிமிஷத்தில் என்னையும் தராசுத் தட்டில் வைத்தாயா? வைத்திருப்பாய், அதனால்தான் மாடிக்குப் போய்ப் படுத்தாய். ஆனால் தீபத்தன்று மலை உச்சியில் நெருப்பு தெரிகிறபோது இந்த ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளுமே, மல்லிகா சொல்லி முடித்தபோது நான் அப்படித்தான் ஆனேன். இப்படி ஒருத்தியோடா நான் தினமும் உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி என்று சண்டை போட்டேன்?

கடைசியில் மல்லிகாவிடம் சொன்னேன், "உன்னால இல்லம்மா. அவ தெரிஞ்சேதான் வந்தா." அவள் வெகுநேரம் அழுதாள். நான் கட்டிக்கொண்டு அழ முடியாது. தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது கல்யாண விஷயத்தையும் சொன்னாள். புருஷன் இல்லாதவள் மணவறையில் நிற்கக் கூடாதாம். கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் தாரை வார்த்துக் கொடுப்பார்களாம். "நா பின்னாடி நின்னு பாத்துக்கறேன் மாமா. நீங்க வந்தா போதும்" என்றாள்.

வசந்தா, இதைக் கேட்டுக்கொள். வேலை பார்த்த காலமெல்லாம் படியில் நிற்கிறவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஒரு தடவை நானே போக வேண்டிய வீடு வந்தபோது தெருவில் நின்றுவிட்டேன். கல்யாணத்தன்று மல்லிகா பின்னால் நிற்க மாட்டாள். முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுக்கட்டும், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். "உள்ள போ மல்லிகா" என்று மண்டபமே கேட்கச் சொல்லி அவளை மணவறைக்கு அனுப்புவேன். அவள் பின்னாலேயே நானும் போவேன்.

இத்தனை நாள் கழித்து உன் முகத்தைப் பார்த்துப் பேசும்,
உன் வீட்டுக்காரன்