அண்ணிக்குப் பக்கத்தில் விட்டுவைத்த இடம்

அண்ணே,

நேற்று சின்ன காஞ்சிபுரத்தில் என் மானம் போயிற்று. சாமிக்கு மகிழம்பூச் சரம் வாங்கிவரச் சொல்லியிருந்தாள் வீட்டுக்காரி. வாங்கிய கையோடு கடைவாசலிலேயே நின்று, கண்ணை மூடி அதை மோந்துவிட்டேன். "யோவ், சாமிக்குன்னு வாங்கிட்டு நீயே மோந்துக்கினு நிக்கிறியே, அப்புறம் சாமி இன்னாத்த மோக்கும்?" என்று பூக்காரம்மா போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கூட வந்த என் பெண், எனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல எதிர்ச்சுவர் போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தாள். சாமிக்கு வேறு சரம் வாங்கினேன். மோந்த சரம் என் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவது தாண்டாதவன் எழுதுவது, பார்த்துப் படியுங்கள்.

ஆட்சி மாறிய வருஷம் அது. குழாய் புதைக்க எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றும் முன் பட்டு நூலை நீளப் பாவாக இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இழை பார்த்தாக வேண்டும். அதற்கு நேரான தெரு வேண்டும். பாவுச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு நான் முழித்தபடி நின்றபோதுதான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் திறந்தீர்கள். நீங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். தோட்டத்துச் சாவியையும் சபையார் உங்களிடமே விட்டிருந்தார்கள்.

"உள்ள வாபா. இதவிட நேரான தெரு ஊர்ல எங்க இருக்குது?"

"கண்ணாலப் பொடவைண்ணே. கல்லறைங்க நடுவுல…" என்று இழுத்தேன்.

"அதனால இன்னா? இவங்களும் பாக்கட்டும். கண்ணாலப் பொடவை பாத்து எத்தினி வருஷம் ஆச்சோ."

அன்றிலிருந்து மகிழமர வரிசையின் நடுவே என் பாவு நீண்டது. கல்லறைக்குள் போய்வந்தவன் தலைமுழுகாமல் படியேறக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. தினமும் ஈரத்தலையோடு நான் நிற்பதைப் பார்த்து, "இன்னிக்கு யாருபா போனது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பார். உங்களிடம் சொன்னேன். மருந்து கலக்கும் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

இழை அறுந்த இடத்தை நான் முடிந்துகொண்டிருக்க, நீங்கள் தோட்டத்துக் கதையைச் சொல்லுவீர்கள். மிஷன் வந்த புதிதில் அது முள்ளுக்காடாம். வெள்ளைக்காரப் பாதிரி ஒருவரின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பிள்ளையை முள்ளுக்குள் விடமாட்டேன் என்று அந்தத் தாய் அடம்பிடித்தாளாம். பாதிரி கிணறு வெட்டினார், நூல் பிடித்துப் பாதை போட்டார், இரண்டு பக்கமும் மகிழங்கன்று நட்டார். அதன்பிறகு யார் யாரைக் கொண்டுவந்து வைத்தாலும், ஒரு கன்று நட்டு, அது வேர்பிடிக்கும்வரை வீட்டார் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அழுவதற்கு வருகிறவர்கள் குடத்தோடு வருவார்கள். "அழுதுக்கினே ஊத்துவாங்க. செடி காய்ஞ்சா, வீட்டாளுங்க மறந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்பீர்கள். ஒவ்வொரு கல்லாகக் காட்டி, "இந்தம்மா ரொம்பக் கோவக்காரம்மா, இவரு பாட்டுன்னா உசுரு" என்று, ஏதோ எதிர்வீட்டுக்காரர்கள் போலச் சொல்லுவீர்கள்.

அண்ணி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்கு நீங்கள் வைத்த மரம் நன்றாகத் தழைத்திருந்தது. அவருக்கு இடப்பக்கம் மட்டும் எதுவும் நடாமல் பெருக்கி வைத்திருந்தீர்கள். ஒருநாள் அங்கே நீட்டிப் படுத்து, "காலு பாதையில இடிக்குதா பாருபா" என்று கேட்டீர்கள். "தாராளமா இருக்குதுண்ணே, எனக்கும் கொஞ்சம் ஒதுங்குங்க" என்றேன். அன்றைக்கு அது நமக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு தோட்டத்தைச் சுற்றி வீடுகள் வந்தன. ஊருக்கு நடுவே இனிமேல் புதைக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. உங்களோடு மனு கொடுக்க நானும் வந்தேன். "ஒரே ஒரு எடம் சார். என் சம்சாரத்துக்குப் பக்கத்துல" என்றீர்கள். அந்த அதிகாரியும் நல்ல மனுஷன்தான். உங்களை உட்காரவைத்து, "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க ஐயா" என்றார். திரும்பும் வழியெல்லாம் நான்தான் என்னென்னவோ உளறிக்கொண்டு வந்தேன்.

மஞ்சள் காமாலையில், நீங்கள் மருந்து கொடுத்த அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். மறுபடி போட்ட மனுவும் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்த மாலை, என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"அவ காத்துக்கினு இருப்பா. நீ ஒரு நடை போயி, எடம் குடுக்கலன்னு சொல்லிடுபா. நான் சொன்னா சாக்குன்னுவா."

"அதுக்கின்னாண்ணே, சொல்லிட்டாப் போச்சு" என்றேன். வாய்தான் எனக்குப் பெரிசு.

ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் உங்களை வைத்தோம். மரம் என்று ஒன்று இல்லை. உச்சிவெயில். பெட்டிக்குமேல் நான் குடை பிடித்தேன். "அவருக்கு இனிமே வெயில் இன்னாபா?" என்றார் ஒருவர். மடக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்று நட்டுக் குடம் குடமாக ஊற்றியும் பார்த்தேன். அந்த மண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாவது கன்றும் காய்ந்தது. நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தோட்டத்தை இப்போது பூட்டிவிட்டார்கள். கிணறு தூர்ந்துகொண்டு வருகிறது. பாவு இழுக்கவும் யாரையும் விடுவதில்லை. நான் பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தில் நுழைந்து, அண்ணியிடம் போய் நிற்கிறேன். நீங்கள் போன மறுநாளும் நின்றேன், போன வாரமும் நின்றேன். பெண் வளர்ந்துவிட்டாள், தறிக்குப் பலகை மாற்றினேன், மழை இல்லை என்று எல்லாம் சொல்கிறேன். ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவன் நான். அவர் பக்கத்தில் புல் முளைத்துக் கிடக்கும் அந்த இடத்தைப் பார்த்ததும் நீங்கள் சொன்னதை மட்டும் சொல்லாமலே திரும்பிவிடுகிறேன். சொல்லச் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணி, அண்ணன் வரமாட்டாரு. நீங்க தூங்குங்க."