சம்பந்திக்குச் சுக்குத்தண்ணீர்

இன்று காலை நகராட்சி ஆள் எங்கள் தெருக் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியில் உன் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். நீ கண்ணை மூடிய பிறகு உன்னை நினைத்துச் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

உன் மகளின் நிக்காஹ் நெருங்கியபோது பின்தெருவில் சிலருக்கு வாந்திபேதி கண்டது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே கிணறு. பள்ளியில் உயிரியல் நடத்துபவள் என்ற உரிமையில் உன் அடுப்படிக்கே வந்தேன். காலராக் கிருமி தண்ணீரில்தான் பரவும், கொதிக்கவைத்தால் செத்துவிடும், நிலக்கோட்டையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சைத்தண்ணீரில் சர்பத் கலக்காதே என்றேன்.

"பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற வெந்நிய விருந்தாளிக்குக் குடுக்கச் சொல்றியா? 'கல்யாணத்துக்கு முந்தியே பிள்ளை பெத்த வீடா இது'ன்னு சம்பந்தியம்மா கேப்பாக."

"காலரா வந்தா கேக்குறதுக்கு ஆள் இருக்காது."

"ஏ டீச்சரு, உன் வாயில நல்ல வாக்கே வராதா? கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காகக் கண்ணு முன்னால நிக்கிற சம்பந்தியப் பகைச்சுக்கிறதா? செத்த நேரம் உக்காந்து வெங்காயம் உரி."

உரித்தேன். நீ காதில் வாங்கவில்லை என்றே நினைத்தேன்.

நிக்காஹ் அன்று பிரியாணி அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு தேக்சா கொதித்தது. சுக்கு, ஏலக்காய், கருப்பட்டி. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் ஆவி பறக்கும் தம்ளர்களை நீட்டினாய். சம்பந்தியம்மா புருவத்தை உயர்த்தினார்.

"சர்பத் இல்லையா?"

"சர்பத்த ஊருக்கெல்லாம் குடுப்போம். இது சம்பந்திக்கு மட்டும். பாட்டன் காலத்து வழக்கம்."

அந்த வழக்கம் அன்று விடியற்காலையில்தான் பிறந்தது. நான் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கையிடம், "பாத்தியா, மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்றார். பந்தியில் வைத்த தண்ணீரும் முந்தின நாளே கொதித்துப் பானையில் ஆறியதுதான் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும்.

விருந்துண்டவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் கிருமி இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை; ஒரு விருந்தைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று உன்னிடம் சொன்னேன். "நிரூபிச்சு என்ன செய்ய? வந்தவுக அம்புட்டுப் பேரும் நல்லபடியா ஊர் போய்ச் சேந்தாகல்ல?" என்றாய்.

சென்ற மாதம் உன் சம்பந்தி வீட்டில் ஒரு கல்யாணம். வாசலிலேயே சுக்குத்தண்ணீர். "குடிங்க டீச்சர், இது எங்க பரம்பரை வழக்கம்" என்றார் சம்பந்தியம்மா.

பிள்ளைகளின் சிறு பிழையைக்கூடத் திருத்தாமல் விடாதவள் நான். "கேள்விப்பட்டிருக்கேன்" என்று சொல்லி வாங்கிக் குடித்தேன். உன் பொய்யை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். என்னிடம் அது பத்திரமாக இருக்கிறது.