சும்மா வந்துட்டுப் போங்கக்கா

பங்குனி, புதன்கிழமை

இன்று கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வள்ளியிடம் கடைசி முறையாக ரத்தம் எடுத்தேன். குழந்தை இல்லாத பெண்களைப் பற்றிய எங்கள் ஆய்வு இந்த மாதத்தோடு முடிகிறது. இனி வரமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வைத்தியம் இல்லன்னு முதல்லயே சொன்னேனே, வள்ளி."

"எனக்குத் தெரியும்க்கா. என் மாமியாருக்குத் தெரியாது. சிதம்பரத்துலேர்ந்து வந்து வைத்தியம் பாக்குறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அதனாலதான் அவருக்கு வேற பொண்ணு பாக்காம இருக்காங்க. ஊசி எதுவும் போட வேணாம், சும்மா வந்துட்டுப் போங்கக்கா."

புருஷனோடு ஆஸ்பத்திரிக்கு வா, இருவருக்கும் பரிசோதனை செய்யலாம் என்றேன். சிரித்தாள்.

"அவருக்கு டெஸ்டா? அத நான் வாயால சொன்னாலே என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நான் டாக்டர்கூட இல்லை. கேள்வி கேட்டு, ரத்தம் எடுத்து அனுப்புவதுதான் என் வேலை.

வெளியே மாமியார் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார்.

"எங்க மருமவள நல்லா பாத்துக்குறீங்கம்மா. மறுபடி எப்ப வருவீங்க?"

வள்ளி கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டேன்.

விடுமுறை நாளில் போகலாம். ரத்தம் எடுப்பதுபோல் நடிக்கலாம். ஆனால் எத்தனை நாளுக்கு? ஒரு நாள் அந்த அம்மா, "இவ்ளோ வைத்தியம் பாத்தும் ஒண்ணும் தங்கலையே" என்று என்னிடமே கேட்பார். வள்ளிக்குக் குழந்தை பிறக்காது என்பதற்கு அன்று நானே சாட்சியாக நிற்பேன்.