தலைவரைச் சிரிக்க வைத்த இரண்டு நிமிடம்

ஆஸ்டின்,
புதன்கிழமை

அன்புள்ள ஹார்லனுக்கு,

நான் நலம். நீ டயாலிசிஸ் முடிந்து வந்ததும் படுத்தாயா, இல்லை அந்த டிராக்டரைக் கொஞ்சப் போய்விட்டாயா?

சட்டமன்றக் கேன்டீனில் என் கரண்டி ஓய்வதில்லை. நேற்று மட்டும் விடுப்பு. நம் ஊர் ஆஸ்பத்திரியை மூடாமல் காக்கும் மசோதாவுக்காகக் குழுவின் முன் பேசப் போனேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். பயத்தில் என் வாய் வழக்கம்போலக் கேலிக்குத் தாவிவிட்டது.

"தலைவரய்யா, தினம் கேன்டீன்ல என்கிட்ட ரெண்டாவது கிண்ணம் சூப் கேட்டு வாங்கிச் சாப்பிடுறீங்களே, வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

குழுத் தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூடமே சிரித்தது. நானும் விடாமல் அளந்தேன். சிரிப்பு அடங்கும்போது நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஹார்லன்.

"நல்லாப் பேசினீங்கம்மா. அடுத்த ஆளு வாங்க" என்றார்.

மசோதாவை ஓட்டுக்கு விடாமல் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் விடாவிட்டால் அது செத்தது. மறுபடி சபை கூட இரண்டு வருடமாகும். நம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டால், அதுவரை வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு லபக் நகரம் வரைக்கும் வண்டியில் போய்வர உன் உடம்பு தாங்குமா?

என் கறுப்பு ஸ்வெட்டரை அனுப்பு, அறை குளிர்கிறது. துவைக்காத உன் சட்டை ஒன்றையும் கூட வை. எதற்கென்று கேட்காதே.

மதிய வரிசை சேர்ந்துவிட்டது. தலைவர் கிண்ணத்தோடு நிற்கிறார். இன்றைக்கு என் வாயில் முதலில் வருவது உன் பெயர்தான்.

உன்
ரோண்டா